துரைமார் ஆவிகளும் தோட்டத்து முனிகளும்



சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்கு வசந்தகாலம். கொழும்பு வெயிலுக்கு அஞ்சி மலையேறி வருவோர் குதிரைப் பந்தயம் பார்ப்பார்கள். மலர்க் கண்காட்சி பார்ப்பார்கள். கிறகரி வாவியிலே படகு விடுவார்கள். இவையெல்லாம் பகற்பொழுதுக்கு உரியன. பிற்பகல் நாலு மணிக்கெல்லாம் பிதுருதலாகலை மலையிலிருந்து மூடுபனி இறங்கி, தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கியதும், விடுதிகளின் கணப்பைச் சுற்றி வேறொரு பேச்சு எழும். "இந்த ஊரிலே பேய் உண்டாமே, அது எங்கே?" என்று விருந்தினருள் ஒருவர் கேட்பார். ஊரை அறிந்தவர் எழுந்து, கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொண்டு, "வாருங்கள், காட்டுகிறேன்" என்பார். பத்துப் பேர் கைவிளக்கும் குடையுமாய் அவர் பின்னே செல்வார்கள்.

மேல்நாடுகளில் இஃது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. இங்கிலாந்தின் பழம்பதியாகிய யோர்க் நகரத்தில், இரவிலே பேய் உலாவும் இடங்களைக் காட்டிக் கதை சொல்லும் நடை 1970-களின் தொடக்கம் முதல் நடைபெறுகிறது. எடின்பரோவிலே, மேலே எழுந்த கட்டடங்களின் அடியில் மறைந்துபோன பழைய சந்துகளுக்குள் மக்களை அழைத்துச் செல்கின்றனர். இந்தியாவிலும் டில்லிச் சுற்றுலாத் துறை 2023-ஆம் ஆண்டிலே, துக்ளக் காலத்து வேட்டை மாளிகையாகிய மால்ச்சா மகாலுக்கு இத்தகைய நடை ஒன்றைத் தொடங்கியது. அச்சத்தை விலைகொடுத்து வாங்குவது மனித இயல்புபோலும். நுவரெலியாவில் நான் கண்டதோ வாணிகம் அன்று, விருந்தோம்பல். கோப்பிக்குப் பின் கதை; கதைக்குப் பின் நித்திரை.

நான் இவ்வாறு மூன்று தடவை அழைத்துச் செல்லப்பட்டிருக்கிறேன். மூன்று தடவையும் எனக்குக் காட்டப்பட்ட பேய்கள் யாவும் வெள்ளைத் துரைமாரின் பேய்களே. தொப்பி அணிந்த பேய், குதிரை ஏறிய பேய், மாடிப்படியில் இறங்கும் துரைசானியின் பேய் என்று இப்படியே போயிற்று. இந்த மலைகளிலே துரைமார் சிலநூறு பேர் இறந்திருக்கலாம். காட்டை வெட்டியும், கோப்பி நட்டும், தேயிலை கிள்ளியும் மாண்ட தமிழர் தொகையோ அதற்குப் பன்மடங்கு. அவர்களுள் ஒருவர்கூடப் பேயாகவில்லையா? அப்படியானால் ஏன் ஆகவில்லை? விளையாட்டாக எழுந்த இந்த வினா என்னை விடவில்லை. இன்றைய பேச்சு அதைப் பற்றியதே.

முதலிலே துரைமாரைப் பார்ப்போம். அவர்களுள் தலைமையானவர் மேஜர் றொஜர்ஸ். நுவரெலியாக் கோல்ஃப் திடலை ஒட்டிப் பழைய இடுகாடு ஒன்று உண்டு. அங்கே கிடக்கும் கற்களுள் ஒன்று தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்னும் இராணுவ உத்தியோகத்தருடையது. பதுளையிலே படைத்தலைவராகவும் உதவி அரசாங்க அதிபராகவும் இருந்தவர். ஊவாவில் பாதைகள் சமைத்தவர். ஆனால் அவர் பெயர் நிலைத்தது பாதையால் அன்று. 1,400-க்கு மேற்பட்ட யானைகளைத் தம் கையாற் சுட்டுக் கொன்றவர் என்று அக்கால நூல்கள் அவரைக் குறிக்கின்றன. மனிதன் ஒருவன் எத்தனை யானையைக் கொன்றான் என்று கணக்கு வைத்துப் பாராட்டிய காலம் அது.

1845-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் நாள் றொஜர்ஸ் அப்புத்தளைத் தங்குமடத்திலே இருந்தார். இடியும் மழையும் கடுமையாயிருந்தன. சற்று ஓய்ந்ததுபோலத் தோன்றவே, விறாந்தைக்கு வந்து வானத்தைப் பார்த்து, மழை ஓய்ந்துவிட்டது என்று உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்னாராம். சொல்லி வாய் மூடுமுன் மின்னல் தாக்கிற்று. அப்போது அவருக்கு வயது 41. உடலை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். பதுளையிலே அவர் நினைவாக எழுந்த புனித மாற்கு தேவாலயம் இன்றும் நிற்கிறது.

மின்னல் அதோடு அமையவில்லை என்பது ஊரார் வழக்கு. புதைத்த பின்னும் அது அவரைத் தேடிவந்து கல்லறையைப் பலமுறை தாக்கியதாம். யானைகளின் சாபம் அப்படிப்பட்டதாம். யானை, பௌத்தருக்குப் பெரஹராவிலே பேழை சுமக்கும் உயிர். நமக்கோ பிள்ளையாரின் முகம். இரு சமூகத்தாரும் ஒருமித்துச் சொல்லும் கதைகள் இந்நாட்டிலே அதிகம் இல்லை. இஃது அவற்றுள் ஒன்று. கல் பிளந்திருப்பதை நானும் கண்டேன். மின்னல் பிளந்ததா, வேர் பிளந்ததா என்று கல்லிடம் கேட்டறிய வழியில்லை.

இங்கே ஒரு சிறு தடை எழுப்பலாம். இலங்கைப் பாதைகளின் தந்தை எனப்படும் தோமஸ் ஸ்கின்னரும் யானை வேட்டைக்காரரே. றொஜர்ஸ் கொன்றதில் ஏறத்தாழப் பாதியளவு அவரும் கொன்றிருப்பார் என்று எமர்சன் ரெனன்ற் எழுதியிருக்கிறார். அவரை எந்த மின்னலும் தேடவில்லை. எழுபது வயதைக் கடந்து, 1877-இல், இங்கிலாந்திலே அமைதியாக இறந்தார். யானையின் சாபம் ஆள் பார்த்துப் பலிக்குமோ? இன்னொன்றையும் அதே ரெனன்ற் பதிவுசெய்துள்ளார். வட மாகாணத்திலே 1848-க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் 3,500 யானைகளுக்கும், தென் மாகாணத்திலே 1851-க்கும் 1856-க்கும் இடையே 2,000 யானைகளுக்கும் அரசாங்கம் வெகுமதிப் பணம் கொடுத்தது. ஆக, பழி ஒரு மனிதனுடையது மட்டுமன்று. அரசாங்கமே விலை வைத்துக் கொல்வித்தது. அரசாங்கத்துக்குக் கல்லறை இல்லையாதலால் மின்னல் அங்கே விழ இயலாது.

ஆயினும் இக்கதையை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. காடு அழிவதையும் யானை அழிவதையும் கண்டு மனம் நொந்த மக்களுக்கு முறையிட ஒரு மன்று இருக்கவில்லை. நீதிபதியும் அதிபரும் வேட்டைக்காரரும் அவர்களுக்கு ஒரே ஆள். ஆகவே வானத்தை மன்றாக்கி, இடியைத் தீர்ப்பாக்கி, அத்தீர்ப்பை ஆண்டுதோறும் புதுப்பித்து வருகிறார்கள். பேய்க்கதை பல வேளைகளிலே ஏழைகளின் வரலாற்று நூல்.

றொஜர்ஸை விட்டு ஏனைய துரைமாரிடம் வருவோம். அவர்களைப் பற்றிய கதைகள் இவ்வளவு காரமானவை அல்ல. பொகவந்தலாவையிலே புனித மரியாள் தேவாலய முற்றத்தில், உலகப் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞராகிய ஜூலியா மார்கரெட் கமரூன் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கெயன் தோட்டத்திலே 1879 ஜனவரியில் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் கணவரும் அருகிலே துயின்றார். இலங்கைக்கு வந்தபின் அம்மையார் இங்குள்ள எளிய மக்கள் பலரைப் படம் பிடித்தார். அப்படங்கள் இன்று பெருநகரங்களின் காட்சிச்சாலைகளில் இருக்கின்றன. அம்மையார் இங்கிலாந்திலே எடுத்த படங்களுக்கு டெனிசன், டார்வின் என்றெல்லாம் பெயர் உண்டு. இங்கே எடுத்தவற்றின் கீழே பெரும்பாலும் 'இலங்கைப் பெண்' என்பதுபோன்ற குறிப்புத்தான் உண்டு. முகம் இருக்கிறது, பெயர் இல்லை. இதை நினைவிற் கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

அடுத்தவர் ஜேம்ஸ் டெய்லர். ஹேவாஹெட்டைப் பகுதியிலே லூல்கந்துரைத் தோட்டத்தில், 1867-இல், 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டவர். இந்நாட்டில் வாணிகமுறையிலே தேயிலை தொடங்கிய இடம் அதுவே. 1852-இல் பதினேழு வயதளவிலே ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர், தேயிலைத் தொழிலைக் கற்க ஒருமுறை டார்ஜிலிங் சென்றதைத் தவிர இம்மலையை விட்டு அகன்றதில்லை. 1892 மே மாதம் 2-ஆம் நாள், 57-ஆம் வயதிலே, அங்கேயே இறந்தார். அவருடைய பழைய குடிலின் எச்சத்தையும், அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லும் கல்லிருக்கையையும் பயணிகளுக்குக் காட்டுவார்கள். மாலையிலே அக்கல்லிருக்கையில் ஓர் உருவம் தென்படும் என்று சொல்பவர்களும் உண்டு.

எனக்கு அந்த உருவத்தைக் காட்டிலும் அவருடைய இறுதி ஊர்வலமே கண்முன் நிற்கிறது. டெய்லர் பருத்த, கனத்த மனிதர். சவப்பெட்டியைக் கண்டியிலுள்ள மஹியாவை இடுகாட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தொழிலாளர் இருபத்துநால்வர், பன்னிருவர் ஒரு முறையாக, நாலு மைலுக்கு ஒருதரம் தோள் மாற்றி, மலைப்பாதையிலே சுமந்து சென்றனர். பின்னே வந்தவர்கள் 'சாமி துரை' என்று அவரைச் சொல்லி அழுதார்கள் என்பது வரலாறு. அந்தக் கல்லறை இன்றும் இருக்கிறது. பெயரும் தேதியும் தொழிலும் அதிலே பொறிக்கப்பட்டுள்ளன. இருபத்துநாலு தோள்களின் பெயர்களை நான் தேடாத இடம் இல்லை. கிடைக்கவில்லை.

இனி, நமது வினாவுக்கு வருவோம்.

தேயிலைக்கு முன்னே கோப்பி இருந்தது. அக்கோப்பிக்காக, 1820-களின் பிற்பகுதி தொடங்கித் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய சீமைகளிலிருந்து கரைக்கு நடந்து வந்து, தோணியிலே மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை வழியாக ஏறத்தாழ 150 மைல் காட்டிலே நடந்தனர். வடபாதை என்று பெயர். முன்னே கங்காணி, பின்னே ஆண், பெண், தோளிலே குழந்தை. வழியிலே குளத்து நீர். குளத்து நீரிலே வாந்திபேதி. காட்டுக்காய்ச்சல் வேறு. நடக்க இயலாதவரை வழியோரத்திலே விட்டுவிட்டுக் கூட்டம் மேலே சென்றது. 1841 முதல் 1849 வரை வந்தவர்களுள் எழுபதினாயிரம் பேர், அதாவது நால்வருக்கு ஒருவர், மாண்டிருக்கலாம் என்று கொழும்பிலே வெளிவந்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்று 1849-இல் எழுதிற்று. அக்கணக்கு மிகை என்று வாதிடும் அறிஞர் உளர். பாதியே மெய்யென்று கொண்டாலும் அத்தொகை ஒரு பட்டணம். நூற்றாண்டின் இறுதியிலேதான் வடபாதை மூடப்பட்டு, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் வழியாக ஆட்களைக் கொண்டுவருவது வழக்கமாயிற்று.

நம் முன்னோரின் நம்பிக்கைப்படி யார் பேயாவர்? அகால மரணம் எய்தியவர், கடன் கழிக்கப்படாதவர், வாய்க்கரிசி இல்லாமற் போனவர். இந்த இலக்கணப்படி பார்த்தால் மன்னாருக்கும் மாத்தளைக்கும் இடையிலே அடிக்கொரு பேய் நிற்க வேண்டும். அப்பாதையிலே இன்று பேருந்து ஓடுகிறது. கால்நடையாய் வந்தவர்களின் பேயைக் கண்டேன் என்று சொன்ன ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

காரணம் எளிது என்று இப்போது எண்ணுகிறேன். பேய்க்கு இரண்டு வேண்டும்: ஓர் இடம், அந்த இடத்தை விட்டு நீங்காத ஒரு நாக்கு. இன்ன மரத்தடியிலே இன்னார் இறந்தார் என்று சொல்ல, அந்த மரத்தடியிலே வாழும் ஒருவர் வேண்டும். வடபாதையிலே இறந்தவரை அறிந்தவர்கள் மறுநாட் காலையே எழுந்து நடந்துவிட்டார்கள். அங்கிருந்த வன்னிக் கிராமத்தாருக்கோ இறந்தவரின் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. போர்க்களத்திலே வீழ்ந்தவனுக்குக் கல்லைத் தேர்ந்து, நீர்ப்படுத்தி, நட்டு, பெயர் பொறித்து வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்லும். நடுகல்லை அறிந்த இனம் நடுவழியிலே கல்லின்றிக் கிடந்தது. கல் இல்லாதபோது பெயர் இல்லை. பெயர் இல்லாதபோது பேயும் இல்லை.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் கதை வேறு. அவர்கள் பேய்களைக் கையோடு கொண்டுவந்தார்கள். மாடனும், முனியாண்டியும், காட்டேரியும், சுடலையும் தோணியேறி வந்தன. இந்த மண்ணிலே அவை புதுத் தொழில் பழகிக்கொண்டன என்பதுதான் வியப்பு. இதற்கு ரோதைமுனியைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை.

ரோதை என்றால் சக்கரம். 'ரோதய' என்னும் சிங்களச் சொல்லிலிருந்து தோட்டத்துத் தமிழுக்கு வந்தது. கோப்பிக் காலத்திலும் தேயிலையின் தொடக்கக் காலத்திலும் ஆலைகளை ஓட்டியது நீர்ச்சக்கரம். இரவு பகலாய்ச் சுழலும் அந்தப் பெருஞ்சக்கரத்தின் உள்ளே ஒரு முனி இருக்கிறார். சினந்தால் கையையோ காலையோ உயிரையோ எடுத்துக்கொள்வார். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை சேவலோ கிடாயோ கொடுத்து அவரை ஆற்ற வேண்டும் என்று தொழிலாளர் கொண்டனர். பின்னர் நீர்ச்சக்கரம் போய் எண்ணெய் எஞ்சின் வந்தது. அதன்பின் மின்சாரம் வந்தது. முனி போகவில்லை. இயந்திரத்தருகே சூலமும் கல்லும் மஞ்சளும் குங்குமமுமாய் இருந்துகொண்டார். இதைக் கண்டு சிரிப்பவர், கொழுந்து அரைக்கும் உருளைகளுக்கு நடுவே பாதுகாப்பு வேலி இல்லாமல் விடிய விடிய நின்றவனின் நெஞ்சைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். இயந்திரம் கையை எடுத்துக்கொண்டால் யாரிடம் முறையிடுவது என்று தெரியாதவனுக்கு, முறையிடத்தக்க ஒருவரை அதன் உள்ளே அமர்த்திக்கொள்வதைத் தவிர வேறு வழி என்ன?

எல்லைமுனி இன்னொரு வகை. தோட்டத்துக்கும் காட்டுக்கும், ஒரு தோட்டத்துக்கும் மறு தோட்டத்துக்கும் இடையிலே பெரிய மரமொன்றின் அடியில் இருப்பார். அந்தி சாய்ந்தபின் அப்பக்கம் போகலாகாது. லயத்துப் பிள்ளைகளைப் பள்ளத்திலும் ஓடையிலும் விழாது காப்பதற்கு இந்த அச்சம் உதவிற்று என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது மெய்யாயிருக்கலாம். வேறொன்றும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டப்படி, முன்னறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டு நீங்குவது குற்றம், சிறைத்தண்டனை உண்டு. கடன் தாங்காத குடும்பங்கள் இரவோடிரவாக எல்லை கடந்து வேறு தோட்டத்துக்கு ஓடின. அந்த எல்லையிலே இரவில் யாரும் நடமாடாதிருப்பதிலே கங்காணிக்கும் நன்மை இருந்தது. அதுபோலவே, தூரத்து மலைச்சரிவிலே அசைந்து அசைந்து சென்றதாகக் கிழவர்கள் சொல்லும் கொள்ளிவாய்ப் பேய்களுள் சில, தீப்பந்தமும் மூட்டையும் குழந்தையுமாய் ஓடிய குடும்பங்களாய் ஏன் இருந்திருக்கலாகாது? பேய் என்று எண்ணி யாரும் பின்தொடரவில்லையாயின், அவர்களைக் காத்ததும் பேயே.

மலையின் இயற்கையும் தன் பங்கைச் செய்கிறது. காலைக் கதிரவன் முதுகுப்புறம் இருக்க, எதிரே மூடுபனி நிற்குமாயின், நம்முடைய நிழலே பூதாகரமாய், தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு பனியின்மேல் விழும். ஜெர்மனியிலே புரோக்கன் என்னும் மலையில் இதைக் கண்டு நடுங்கினார்கள். ஆதலால் அறிவியலார் அதற்கு அம்மலையின் பெயரையே இட்டனர். சிவனொளிபாத மலையுச்சியில் நின்றவர்களும் இதைக் காண்பதுண்டு. நாம் அதைத் தெய்வ ஒளி என்றோம்.

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே உள்ள சிங்கமலைச் சுரங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கேட்காமற் போனால் மலைநாட்டு நேயர்கள் கோபிப்பார்கள். மலையகப் பாதையிலே மிக நீண்ட சுரங்கம் அது; 500 மீற்றருக்கு மேல். 1884-இல் ஹட்டனை எட்டிய பாதை, மறு ஆண்டு நானுஓயாவுக்குச் செல்லும்போது அதன் வழியே சென்றது. கோச்சி உள்ளே நுழைந்ததும் பெட்டிகளிலெல்லாம் இளைஞர் கூவுவார்கள். எதற்குக் கூவுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. இருட்டிலே இருப்பதை முந்திக்கொண்டு விரட்டும் மிகப் பழைய வழக்கம் அது என்று எனக்குத் தோன்றும்.

தமிழ்த் தொழிலாளருள் பெயரோடு நினைக்கப்படுபவர் இல்லாமல் இல்லை. 1940 ஜனவரி மாதம் 10-ஆம் நாள், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதிலே கோவிந்தன் என்பவர் உயிர்நீத்தார். 1977 மே மாதத்திலே, தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, டெவன் தோட்டத்திலே சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். இவ்விருவரையும் யாரும் பேய் என்று சொல்வதில்லை, தியாகி என்கிறார்கள். இறந்தவரின் பெயரைக் கூட்டத்திலே சொல்ல ஒரு சங்கமும், சுவரிலே எழுத ஒரு கையும் இருந்தமையால் அவர்கள் இரவிலே வந்து தம்மை அறிவிக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

இனி, மலைநாட்டிலே பேய் உலாவும் இடம் என்று எனக்கு யாதொரு தயக்கமும் இன்றிச் சொல்லத்தக்க ஓரிடத்துக்கு வருகிறேன். அது மஸ்கெலியா. இப்போதுள்ள பட்டணம் அன்று. அதன் கீழே, தண்ணீருக்குள் இருக்கும் பழைய பட்டணம். மின்சாரத்துக்காக மவுசாக்கலையிலே அணை கட்டி 1969-இல் நீரைத் தேக்கியபோது, கடைத்தெருவும் வீடுகளும் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் அமிழ்ந்தன. பட்டணத்தை மேட்டிலே புதிதாய் அமைத்துக் கொடுத்தார்கள். ஆனால் வரட்சி வந்து நீர் தாழும் ஆண்டுகளிலே பழைய ஊர் எழுந்துவரும். முதலிலே சண்முகநாதர் கோயிலின் கல், பிறகு விகாரையின் எச்சம், பள்ளிவாசலின் அடித்தளம், சேறு பூசிய தெரு. கொத்மலையிலும் 1985-இல் நிறைந்த நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து கடதொர விகாரை இவ்வாறே தோன்றுவதுண்டு.

நீர் தாழ்ந்தது என்று கேள்விப்பட்டால் மக்கள் வண்டி பிடித்து மஸ்கெலியாவுக்கு வருகிறார்கள். இளைஞர் படம் பிடிக்கிறார்கள். கிழவர்கள் படம் பிடிப்பதில்லை. ஒருமுறை நானும் போயிருந்தேன். எண்பது வயதைக் கடந்த ஒருவர், பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு, வெடித்த சேற்றின்மேல் மெதுவாய் நடந்தார். "இது நம்ம சாப்புக் கடைத் தெரு. இந்த முக்கிலதான் தையக்காரர். இதுக்கு நேரே மேல போனா சாமி வாசல்" என்று அவர் காட்டிய இடத்திலே எனக்குச் சேற்றைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவர் கோயிற்கல்லுக்கு முன்னே செருப்பைக் கழற்றினார். வழிகாட்டியும் கட்டணமும் இல்லாத உலா அது. காட்டியவருக்கு அங்கே இருந்த ஒவ்வொரு வாசலும் தெரிந்திருந்தது.

கடலுக்கு அப்பாலும் இதற்கு ஓர் இணை உண்டு. 1914 முதல் தலைமன்னாருக்கு எதிர்க்கரையிலே கப்பல் துறையாய் இருந்தது தனுஷ்கோடி. வடபாதையில் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவ்வழியாகவே வந்தனர். ஊர்த் திருவிழாவுக்கும் சாவுக்கும் அவ்வழியாகவே போயினர். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்றும் இரு அரசாங்கங்களும் இசைந்தன. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னொரு நாளிலே பேசுவதாக விட்டார்கள். 1974-இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் ஆகுமுன், அதே ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, புயலும் கடலும் சேர்ந்து தனுஷ்கோடியை அழித்தன. பயணிகளோடு வந்துகொண்டிருந்த புகையிரதம் ஒன்று அலைக்குள்ளே போயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் அதிலே மாண்டனர். கூரையிழந்த தேவாலயத்தையும் இடிந்த நிலையத்தையும் இன்று பயணிகள் பார்த்து வருகிறார்கள். பொழுது சாய்ந்தால் அங்கே நிற்க அஞ்சுகிறார்கள்.

ஆகவே திரும்பிச் செல்லுமாறு விதிக்கப்பட்டவர்கள், பாட்டனார் கப்பலேறிய துறையிலே இறங்க இயலவில்லை, இராமேஸ்வரத்திலே இறங்கினார்கள். இந்தப் பக்கத்திலே ஹட்டன் நிலையத்து மேடையில், போகிறவர்களும் நிற்கிறவர்களும் கோச்சி அசையும்வரை கட்டிக்கொண்டு அழுதார்கள். லயங்களிலே பூட்டு விழுந்தது. நான் சிறுவனாய் இருந்தபோது எங்கள் லயத்தின் கடைசிக் காம்பரா அப்படிப் பூட்டியிருந்தது. அதிலே இரவில் உரல் இடிக்கும் ஓசை கேட்கிறது என்று பிள்ளைகள் சொல்வோம். அந்த வீட்டார் யாரும் இறக்கவில்லை. நீலகிரியிலே ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்திலே உயிரோடு இருந்தார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கும் பேய் உண்டு என்பதை அன்றே கற்றுக்கொண்டோம்.

என் பாட்டியார் பேய்க்கு அஞ்சியவர் அல்லர். தீபாவளிக்கு முந்திய இரவிலே இறந்தோருக்குப் படையல் வைப்பார். பாட்டனாருக்கு ஓர் இலை. காய்ச்சலிலே போன பெரியப்பாவுக்கு ஓர் இலை. பிறந்த மூன்றாம் நாள் இறந்த அத்தைக்கு ஒரு சிறு இலை. எல்லாம் வைத்தபின் வாசற்படியோரமாய் இன்னும் ஓர் இலை போட்டு, அதிலே சோறும் கருவாட்டுக் குழம்பும் ஒரு செம்பு கொதித்தாறிய நீரும் வைப்பார். "இது யாருக்கு, பாட்டி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வழியில நின்னுட்டாங்கள்ல, அவங்களுக்கு" என்றார். "பேரு தெரியலைன்னா பசிக்காதா?"

நீரை ஏன் கொதிக்கவைத்தார் என்று அப்போது நான் கேட்கவில்லை.